தூக்கச் சொன்ன வாய்

தேகப்பயிற்சி சாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கசரத்து என்பார்கள். கசரத்துக்குப் போகிறேன் என்றால், இலங்கைத் தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் அட்டன் பஜாரில் எல்லாருக்கும் தெரியும், சலூனுக்கு மேலே இருக்கும் பலகை மாடிதான் அது. ஐம்பதுகளின் கடைசியில் அந்த மாடியில் நான் சம்பளத்துக்கு இருந்தேன். கதவு திறப்பது, இரும்பில் துரு ஏறாமல் எண்ணெய் தடவுவது, புதிதாக வருகிறவர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் சொல்லிக்கொடுப்பது, பழையவர்கள் கம்பி தூக்கும்போது எதிரே நின்று குரல் கொடுப்பது எல்லாம் என் வேலை. சாலையின் சொந்தக்காரரை மாஸ்டர் என்போம். அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் புஜத்தைப் பிடித்துப் பார்த்து, “இன்னும் வரணும்” என்பார். எத்தனை வருஷம் வந்தவனுக்கும் அதே பதில்தான்.

அட்டன் குளிரில் இரும்பைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும். அதனால் மூலையில் ஒரு கரி அடுப்பு எப்போதும் எரியும். வருகிறவர்கள் முதலில் அதில் கையைக் காட்டிவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார்கள். கல்யாணத்துக்குள் தோள் அகலமாக வேண்டும் என்று தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு கிளாக்கர் வந்தார். கல்யாணம் முடிந்த பிறகு வரவே இல்லை. பேக்கரியில் வேலை செய்த சிங்கள வாலிபன் ஒருவன் தலைமுடியில் மாவோடு வருவான். யார் எதைத் தூக்கினாலும், நல்லது என்பதைத் தன் பாஷையில் “ஹொந்தய், ஹொந்தய்” என்று சொல்லிக் கை தட்டுவான். லொறி முதலாளி ஒருவர் இருந்தார். ஸ்டேஷனில் வந்து இறங்கும் அரிசி மூட்டைகளைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போகும் வியாபாரம் அவருடையது. தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். நான்கு முறை குனிவார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். அந்தத் தொப்பையோடு நான் வருஷக்கணக்காகச் சண்டை போட்டேன், தொப்பைதான் ஜெயித்தது.

எங்கள் சாலையில் ஒரு சட்டம் இருந்தது. வேறெங்கும் அப்படி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கீழே சலூன் என்று சொன்னேன் அல்லவா? ஒருநாள் ஒருவன் கம்பியைத் தலைக்கு மேல் பிடித்திருக்கும்போது, நான் “இரு” என்றேன், மாஸ்டர் “இறக்கு” என்றார், வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொன்று கத்தினார்கள். அவன் குழம்பிப்போய்ப் பொத்தென்று போட்டுவிட்டான். கீழே சவரம் செய்துகொண்டிருந்தவரின் காதில் கத்தி இழுத்துவிட்டது. அந்த மனிதர் ரத்தமும் சோப்பு நுரையுமாக மாடி ஏறி வந்து எங்களைத் திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து மாஸ்டர் சட்டம் போட்டார். “தூக்கு” என்று எந்த வாய் சொல்கிறதோ அதே வாய்தான் “இறக்கு” என்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை கம்பி மேலேயே நிற்க வேண்டும். வந்த பிறகு சத்தமில்லாமல் தரையில் வைக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் தூக்கியது கணக்கில்லை.

அந்த வாய் பெரும்பாலும் என் வாய்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மாலையில் வீட்டில் சைகையால் பேசுவேன்.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் பெரிய ஆள் ஒரு கணக்கப்பிள்ளை. நோர்வூட் ரோட்டில் இருந்த ஒரு தோட்டத்தில் அவருக்கு வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குப் போக வேண்டும், யாருக்குச் செடி வெட்டும் கவ்வாத்து, யாருக்குக் கொழுந்து பறிப்பு என்று பிரித்து அனுப்புகிறவர் அவர்தான். நல்ல உடம்பு. வெள்ளைக் கால்சட்டையை மடித்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். சனி, ஞாயிறுகளில் வருவார். சாலையில் அவரளவு பாரம் தூக்க ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், கண்ணாடிக்கும் தெரியும். மாஸ்டருக்கு அவர் மேல் தனி மரியாதை. அவரைப் பார்த்துத்தான் தோட்டத்துக் கிளாக்கர்மார் எல்லாம் எங்களிடம் வந்தார்கள்.

அவருடைய தோட்டத்திலிருந்தே ஒரு தொழிலாளியும் வந்து சேர்ந்தான். பஜாரில் யாருக்காகவோ மூட்டை சுமந்துகொண்டு மேட்டில் ஏறிப் போனவனைப் பார்த்து மாஸ்டரே கூப்பிட்டு வந்தார். கவ்வாத்து வெட்டும் ஆள். தாய் தகப்பன் இல்லை. தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில், அவனும் மனைவியும்தான். நெட்டையாக, ஒடிசலாக இருப்பான். சட்டையைக் கழற்றினால்தான் அவன் யார் என்று தெரியும். என்னை அண்ணே என்று கூப்பிடுவான்.

புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் நடந்தே வருவான். அன்றைக்குக் கம்பி அவன் கையில் சொன்னபடி கேட்கும். நான் தட்டு மேல் தட்டு மாட்டுவேன். அவன் ஒன்றும் பேசாமல் தூக்குவான். நான் “இறக்கு” என்று சொல்லும்வரை கண்ணை என் வாயைவிட்டு எடுக்கமாட்டான். சட்டத்தை அவனளவு பிசகாமல் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே ஆள், அதே கம்பி, பாதிப் பாரத்திலேயே “முடியலீங்க” என்று நிறுத்திவிடுவான். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று ஞாயிறுதோறும் அவனைத் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன். கணக்கப்பிள்ளை எவ்வளவு தூக்குகிறார் என்று ஓரக்கண்ணால் கவனித்து, அதற்கு இரண்டு தட்டு குறைவாகவே நிறுத்துகிறான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. படியில் நிறுத்திக் கேட்டேன்.

“ஏன்டா, இரும்புக்குமா சலாம் போடுவ?”

“அண்ணே, நாளைக்கு விடிஞ்சா அவரு முன்னாலதான் நான் நிக்கணும்” என்றான். “எம் பொஞ்சாதி வயித்துப் பிள்ளைக்காரி. அவள எந்த மலைக்கு அனுப்புறதுன்னு அவருதான் சொல்றாரு.”

அந்தப் பயம் எனக்கும் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன்தான். அவள் முதல் பிள்ளையைச் செங்குத்தான மலையில் கூடையோடு வழுக்கி விழுந்து இழந்தவள் என்று பிறகு அவனே சொன்னான். இந்தப் பிள்ளை பிறக்கும் முன்னால் அவளைத் தோட்டத்திலிருந்து கீழே கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே எண்ணம். எங்கே கூட்டி வருவது என்பதுதான் தெரியவில்லை.

வழி லொறி முதலாளியின் வாயிலிருந்து வந்தது. மூட்டைக்காரர்களுக்குத் தலைவனாக ஒரு ஆள் வேண்டும், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷெட்டோடு ஒரு அறையும் தருவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். நான் உடனே இவன் பேரைச் சொன்னேன். முதலாளி சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை நானே பாத்திருக்கேனே. பாதியில வச்சிட்டுப் போறவன். கணக்கப்பிள்ளை தூக்குறதுக்கு மேல ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தூக்கட்டும். அன்னைக்கே வேலை குடுக்கிறேன்.”

“புதன்கிழமை வந்து பாருங்க முதலாளி.”

“புதன்கிழமை எனக்கு லோட் இருக்கு. இந்த ஞாயிறு.”

இதை அவனிடம் சொன்னபோது அவன் முகத்தில் சந்தோஷமே வரவில்லை. வேலை கிடைக்க வேண்டுமானால் கணக்கப்பிள்ளையை அவர் கண்ணெதிரே தோற்கடிக்க வேண்டும். தோற்கடித்து வேலையும் கிடைக்காமல் போனால், திங்கட்கிழமை அவன் மனைவி எந்த மலையில் நிற்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் மழை தூறிக்கொண்டிருந்தது. விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, வழக்கத்தைவிடக் கூட்டம். கணக்கப்பிள்ளைக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கால்சட்டையை மடிக்காமலே கதவுக்குப் பின்னால் மாட்டினார். முதலில் அவர் தூக்கினார். அன்றைக்குப் போல அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அவரளவிலேயே அது ஒரு தட்டு கூடுதல். “ஹொந்தய்” என்று பேக்கரிக்காரன் கத்தினான். நான் “இறக்கு” என்றதும் மெதுவாக வைத்துவிட்டுத் துவாலையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

இவன் வந்தான். அதே பாரத்தைத் தூக்கினான். சிரமமே இல்லை. மாடியில் ஒரு சலசலப்பு. நான் அவசரமாக இன்னொரு சின்னத் தட்டை மாட்டினேன். புதன்கிழமை இதைவிட இரண்டு தட்டு கூடத் தூக்கியவன். “தூக்கு” என்றேன். கம்பி தோளுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அவன் பார்வை சுவரோரம் போய்த் திரும்பியது.

“முடியலீங்க.”

மெதுவாகக் கீழே வைத்தான். மறுபடியும் தூக்கச் சொன்னேன். மறுபடியும் தோள்வரை வந்து நின்றது. “முடியலீங்க” என்றான். அவன் முகத்தில் வேர்வைகூட இல்லை. எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது.

முதலாளி பெஞ்சிலிருந்து சிரித்தபடி எழுந்தார். “சரி சரி, தெரிஞ்சுபோச்சு. கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு மரியாதை பண்றான். விடுங்க, பாவம்.”

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது. கணக்கப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. தன் கையால் தூக்கிய பாரம், கூலிக்காரன் ஒருவன் விட்டுக்கொடுத்ததால்தான் பெரிதாக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் துவாலையை எறிந்துவிட்டு நேரே வந்தார். என் தோளைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளினார். நான் நின்ற இடத்தில், கம்பிக்கு எதிரே, அவர் நின்றார்.

“எனக்கு விட்டுக்குடுக்குறியாடா நீ? தூக்குடா!”

பெரட்டுக் களத்துக் குரல் அது. இவன் குனிந்தான். எனக்குத் தெரியும், அந்தக் குரலுக்கு மாட்டேன் என்று சொல்ல அவனை யாரும் பழக்கவில்லை. கம்பி தரையிலிருந்து தோளுக்கு வந்தது, தோளில் ஒரு கணமும் நிற்காமல் தலைக்கு மேலே போனது. கைகள் நேராக நின்றன.

எல்லாரும் கத்தினார்கள். நான் குதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. “தூக்கு” என்று சொன்னது என் வாய் இல்லை.

கணக்கப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவருக்கும் சட்டம் தெரியும். அவர் “இறக்கு” என்று சொன்னால் தூக்கியது செல்லும். சொல்லாவிட்டால் இவன் தானாகக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் செல்லாது. கை கட்டிக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தார். அவனும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இறக்கு!” என்று நான் கத்தினேன். அவன் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டத்தை அப்படிப் படித்தவன். நான்தானே படிப்பித்தேன்.

“ஐயா, சொல்லுங்க ஐயா” என்றேன் கணக்கப்பிள்ளையிடம்.

“இருக்கட்டும். பலசாலிதானே? நிக்கட்டும்.”

மாஸ்டரைப் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருந்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. சட்டமும் அவருடையது, வாடிக்கைக்காரரும் அவருடையவர். இவன் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கழுத்து நரம்பு புடைத்து, முகம் கருஞ்சிவப்பானது. போட்டுவிட்டால் பலகை உடையும், கீழே தலைகள் இருக்கின்றன. பின்னால் சாய்ந்தால் தோள்பட்டை போய்விடும். தோள் போனால் மூட்டையும் இல்லை, கவ்வாத்தும் இல்லை, அறையும் இல்லை. நான் அவன் பின்னால் ஓடிப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தொடவும் பயம், விடவும் பயம்.

கீழேயிருந்து சலூன்காரர் குரல் கொடுத்தார். “என்னாப்பா மேல, தூக்குனது எறங்கவே இல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. மழைச் சத்தமும் அவன் மூச்சும்தான் கேட்டது. அவன் உதடு அசைந்தது. “எறக்கலாங்களா?” என்று கேட்டான். பாதி மூச்சில் கேட்டதால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளைக்குக் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் முகம் திரும்பியதும், முதல்தடவையாக, இவன் பார்வை அவர் வாயைவிட்டு விலகியது. தன் கைகளை அண்ணாந்து பார்த்தான். முழங்கையை மடக்கினான். கம்பி நெஞ்சுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. முழங்கால் மடிந்து, ஒரு சத்தமும் இல்லாமல், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி அதைப் பலகையில் வைத்தான். யாரும் சொல்லாமல்.

“செல்லாது” என்றார் மாஸ்டர். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. “சொல் வர்றதுக்கு முந்தி எறக்கிட்டான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. அதற்குள் முதலாளி முன்னால் வந்துவிட்டார்.

“மாஸ்டர், ஒங்க சட்டம் ஒங்களோட இருக்கட்டும். லொறியில இருந்து மூட்டைய எறக்கத்தானே நான் ஆளு கேட்டேன்? இதைவிட ஒழுங்கா யாரு எறக்குவா?” அவன் பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலையில ஷெட்டுக்கு வந்திரு.”

“நாளைக்குக் காலையில அவென் பெரட்டுக்கு வரணும்” என்றார் கணக்கப்பிள்ளை, கால்சட்டையைப் போட்டுக்கொண்டு சட்டையைத் தலைவழியாக மாட்டியபடி.

இவன் இன்னும் தரையில் மண்டியிட்டிருந்தான். இரண்டு கைகளும் தொங்கின. எழுந்து நின்றான்.

“நான் வரலீங்க” என்றான்.

“என்னா?”

“நாளைக்குப் பெரட்டுக்கு நான் வரலீங்க, ஐயா.”

ஐயா என்பதையும் விடவில்லை, பணிவையும் விடவில்லை. ஆனால் சொல்லிவிட்டான். கணக்கப்பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஒம் பொஞ்சாதி வருவால்ல” என்றார். “பாத்துக்கிறேன்.” செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

அப்போதுதான் அவன் உடைந்தான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பல் கிட்டியது. “அண்ணே, அவ அங்கதான இருக்கா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். முதலாளி தொப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படி இறங்கினார். அந்த மனிதர் அத்தனை வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. லொறியை அவரே ஓட்டினார்.

நோர்வூட் ரோட்டின் வளைவுகளில் மழையும் மூட்டமும். ஒரு வளைவில் பஸ்ஸைத் தாண்டினோம். ஜன்னல்களில் நீராவி படிந்திருந்ததால் உள்ளே கணக்கப்பிள்ளை இருந்தாரா என்று தெரியவில்லை. இவன் கதவைப் பிடித்தபடி முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் முதலாளியிடம் இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் எனக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேகமாகப் போனார். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் லொறியை நிறுத்தினார். அங்கிருந்து நானும் அவனும் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறி ஓடினோம்.

லயத்தில் விளக்கு வைக்கும் நேரம். பீலியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கணக்கப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் மூச்சு வாங்க நின்ற புருஷனைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“துணியெல்லாம் எடு. டவுனுக்குப் போறோம். இனி இங்க இல்ல.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. பத்துச்சீட்டு கொடுத்து விரட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள். எங்கள் சனம் தோட்டத்தை விட்டுப் போவதென்றால் வேறு எப்படிப் போகும்?

“யாரு போகச் சொன்னது?” என்று கேட்டாள். “தொரையா? கணக்கப்பிள்ளையா?”

“யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன்.”

அவளுக்கு அது புரியவில்லை. அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். கால்சட்டை போட்டிருந்தேன், டவுன் ஆள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் சொன்னதை ஒதுக்கிவிட்டு, பணிவாக என்னிடம் கேட்டாள்.

“போகலாங்களா, ஐயா?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மழையில் நின்றுகொண்டு, நான் யாருமில்லை, உன் புருஷன்தான் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கும்வரை சொன்னேன். அதன் பிறகுதான் அவள் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.